வலைப்பந்துத் திடலில் கீறிய கோடுகள்

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு எமது சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தபோது, "டொக்டர்தானே, பெண்களின்ர ஆரோக்கியத்தைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோவன்" என்றார். நீரிழிவைப் பற்றியும் இரத்தச்சோகையைப் பற்றியும் எழுத எம்மிடையே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் வலைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுத அனுமதி கேட்டேன். கல்லூரியின் கிழக்கு மதிலோரம், வேப்பமரத்துக்கும் கிணற்றடிக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் திடலில் நான் ஆறு வருடம் நின்றிருக்கிறேன். "ஓடினேன்" என்று எழுதாமல் "நின்றிருக்கிறேன்" என்று எழுதக் காரணம் உண்டு. நான் விங் டிபென்ஸ். அந்த இடத்தில் ஆடிய அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் இது விளங்கும்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். குறுக்கே கீறிய இரண்டு கோடுகள் திடலை மூன்று சம பங்காகப் பிரிக்கும். யார் எந்தப் பங்கில் நிற்கலாம் என்பது அவரவர் நெஞ்சிலும் முதுகிலும் கட்டிய துணியில் எழுத்தாக இருக்கும். கோல் போடும் உரிமை ஏழு பேரில் இருவருக்கு மட்டும். பந்தோடு ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். எதிராளியில் முட்டக் கூடாது. பந்து வைத்திருப்பவரை மறிப்பதானால் மூன்றடி தள்ளி நின்று மறிக்க வேண்டும். விங் டிபென்ஸ் என்பவர் நடுப்பங்கிலும் தன் அணியின் பின்பங்கிலும் திரியலாம். வட்டத்துக்குள் கால் வைத்தால் விசில் ஊதும்.

அண்ணாமார் விளையாடிய உதைபந்தில் இத்தனை "கூடாது" இருக்கவில்லை. இவை எங்கிருந்து வந்தன என்று பல வருடம் கழித்துத் தேடிப்பார்த்தேன். தேடிய இடத்தில் என் தொழில்தான் அகப்பட்டது.

1873இல் எட்வேர்ட் கிளார்க் என்ற பொஸ்ரன் வைத்தியர், பெண்களின் கல்வி பற்றி ஒரு நூல் எழுதினார். ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் அவர். ஆண்பிள்ளைகளைப்போலப் பெண்பிள்ளைகளும் இடைவிடாது படித்தால், கருப்பை வளரத் தேவையான சக்தியை மூளை இழுத்துக்கொள்ளும், பிறகு அவர்கள் தாயாக முடியாமற் போகும் என்பது அவருடைய வாதம். அவர் ஆதாரமாகக் காட்டியது ஒரு சில நோயாளிகளின் கதைகளை. ஆனால் ஒரு வைத்தியர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்தின் பொல்லாப்பை எமது தொழிலில் உள்ளவர்கள் அறிவோம். நூல் பல பதிப்புகள் கண்டது. மேரி பற்னம் ஜக்கோபி என்ற பெண் வைத்தியர் இதற்கு மறுமொழி எழுதினார். பெண்களுக்குக் கேள்விக்கொத்து அனுப்பியும் நாடித்துடிப்பை அளந்தும், மாதவிடாய்க் காலத்தில் ஓய்வு கட்டாயம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். 1876இல் அதே ஹாவார்ட் அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தது. ஆனாலும் பயம் ஒரு பரிசோடு போய்விடவில்லை.

1891 டிசம்பரில், மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டிருந்த இளைஞர்களுக்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். பீச் பழக்கூடைகள் இரண்டு, பதின்மூன்று விதிகள், வேறொன்றுமில்லை. அடுத்த ஆண்டே, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்மித் மகளிர் கல்லூரியில் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைத் தன் மாணவிகளுக்கு எடுத்துக் கொடுத்தார். இவரும் சிறுவயதில் நோஞ்சான். உடலைத் தேற்றிக்கொள்ளத்தான் உடற்பயிற்சி படிக்கப் போனவர். பெண்பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பந்தைப் பறித்தால், மூச்சு வாங்க ஓடினால், ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே திடலை மூன்றாகப் பிரித்தார், பறிப்பதைத் தடுத்தார், பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றார். 1893இல் நடந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை.

நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் கிளாரா பெயர் என்ற இன்னோர் ஆசிரியையின் கதை சுவையானது. நெய்ஸ்மித் அனுப்பிய படத்தில் ஆட்டக்காரர் எந்தப் பகுதியைக் கவனிப்பது நல்லது என்று காட்டும் கோடுகள் இருந்தனவாம். கிளாரா அம்மையார் அவற்றைத் தாண்டக் கூடாத எல்லைகள் என்று விளங்கிக்கொண்டு, 1895இல் அச்சிட்ட தமது விதிகளில் அப்படியே போட்டுவிட்டார். இப்படித் தப்பாக வாசித்த ஒரு கோடு பெண்பிள்ளைகளின் விளையாட்டுக்குள் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கதையை வாசித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இங்கிலாந்தில் மாட்டினா பேர்க்மன் ஒஸ்ரபேர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி நடத்திய உடற்பயிற்சிக் கல்லூரிக்கு 1893இல் இந்த ஆட்டம் போய்ச் சேர்ந்தது. சுவரில் கடதாசிக் கூடையைக் கட்டி ஆடினார்கள். கல்லூரி 1895இல் கென்ற் மாவட்டத்து டார்ட்போர்ட்டுக்கு இடம்மாறியபின் புல்தரையில் ஆடினார்கள். நிலம் வரை தொங்கும் பாவாடையோடு பந்தைத் தட்டிக்கொண்டு ஓட இயலாது, ஓட்டம் கழிந்தது. கூடை போய் வளையமும் வலையும் வந்தன. 1901இல் விதிகள் அச்சாயின. அங்கே பயின்ற ஆசிரியைகள் பேரரசின் நாலா பக்கமும் வேலைக்குப் போனார்கள், பெட்டிக்குள் அந்த விதிப்புத்தகமும் போனது. 1926இல் அகில இங்கிலாந்து வலைப்பந்தாட்டச் சங்கம் தொடங்கப்பட்டது. எமது பழைய மாணவிகள் சங்கத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

இலங்கைக்கு இது 1920களில் வந்தது. அக்காலத்தில் இதை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் பெண்கள் பாடசாலைகளும் பெண் சாரணியரும்தான். யாழ்ப்பாணத்தில் அப்போது பெண்கள் கல்விக்கு நூறு வயதாகிக் கொண்டிருந்தது. உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. சென்டா பெரென்சன் தன் மாணவிகளுக்குப் பந்தைக் கொடுத்த அதே ஆண்டு அது. பெண் படிக்கலாமா என்ற கேள்விக்கு இங்கே ஓரளவு விடை கிடைத்திருந்தது. பெண் ஓடலாமா என்பதற்குக் கிடைக்கவில்லை. எனது அம்மம்மாவும் இக்கல்லூரியின் மாணவிதான். தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, மதிலுக்கு வெளியே எவரும் நிற்கவில்லை என்று ஒரு பிள்ளையை விட்டுப் பார்த்த பிறகே ஆட்டம் தொடங்குவார்களாம். ஸ்மித் கல்லூரியில் போட்ட தடை இங்கே மதிலாக இருந்தது.

எம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: உலக வலைப்பந்தாட்டத்தின் பொது விதிகள் பேசித் தீர்க்கப்பட்டது எமது நாட்டில்தான். 1956இல் இங்கிலாந்து நோக்கிப் போன அவுஸ்திரேலிய அணி இங்கே இலங்கை அணியுடன் ஆடியது. அந்நாட்களில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி; நியூசிலாந்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அதற்குப் பெயரே பெண்கள் கூடைப்பந்து. 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடி, ஏழு பேர் ஆட்டத்துக்கான விதிகளை ஒன்றாக்கி, சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்தார்கள். 1963இல் ஈஸ்ற்போர்னில் 11 அணிகளுடன் முதல் உலகப் போட்டி நடந்தது. இலங்கையும் ஆடியது. அதில் அவுஸ்திரேலியா நியூசிலாந்தை ஒரேயொரு கோலால் வென்றது.

அந்தப் பத்தாண்டுகளின் எமது கல்லூரி அணிப் படங்களைத் தேடி நான் களைத்துவிட்டேன். அலுவலக அலுமாரியில் இருந்தவை 1995உடன் போய்விட்டன. கனடாவிலோ இலண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ யாரேனும் ஒரு அக்காவின் அல்பத்தில் ஒன்றிரண்டு இருந்தால், தயவுசெய்து ஒரு பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள்.

இனி என் காலம். 1993இல் எட்டாம் வகுப்பில் நான் அணிக்குத் தெரிவானேன். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. பந்து ஓட்டையானால் சைக்கிள் கடைக்காரர் சொலூசன் பூசி ஒட்டித் தருவார். ஒட்டுப் போட்டுப் போட்டு எங்கள் பந்து ஒரு பக்கம் பாரமாகி, எறிந்தால் இடப்பக்கம் திரும்பும். வெளிப் பாடசாலையில் நல்ல பந்தோடு ஆடும்போது அந்தப் பழக்கத்தில் எல்லாப் பந்தையும் வலப்பக்கம் தள்ளி எறிவோம். சீமெந்துக்குத் தடை என்றபடியால், வளையக் கம்பத்தை நிலத்தில் ஆழமாகத் தோண்டி நட்டிருந்தார்கள். மாரியில் அது சாயும், பத்தடி உயரம் ஒன்பதே முக்கால் ஆகும்.

நான் கோல் சூட்டராக ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால் காரணம் ஒன்றே: கோல் போட்டவர்களின் பெயரைத்தான் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். எங்கள் விளையாட்டு ரீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீர் விங் டிபென்சுக்குப் போம்" என்றா. நான் கிணற்றடியில் போய் அழுதேன். பின்னால் வந்தவ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உம்மட ஆள் பந்தைத் தொடக் கூடாது. அதுதான் உமக்குக் கோல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டா.

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையின் முன்னேறும் வேட்கைக்கு நல்ல சொல் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. "இலட்சியம்" என்றால் அது மேடைப்பேச்சுக்குரியது. "ஆசை" என்றால் அதை அடக்க வேண்டும். "பேராசை" என்றால் சொல்லவே வேண்டாம். ரீச்சர் எந்தச் சொல்லும் இல்லாமலே எனக்கு ஒன்றைத் தந்தா. எதிர்அணியின் விங் அற்றாக் எந்தக் காலில் திரும்புவா, பந்துக்கு முன் எந்தப் பக்கம் பார்ப்பா என்று முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மிச்ச நேரம் முழுவதும் அவவிடம் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காமற் செய்வது எவ்வளவு பெரிய வேலை, அதை யாரும் கைதட்டிப் பாராட்டமாட்டார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். இன்று நான் மயக்க மருந்து வைத்தியர். நோயாளியின் தலைமாட்டில் நின்று, ஒன்றும் நடக்காமற் பார்ப்பதே எனது வேலை. சுகமாகி வீட்டுக்குப் போகும்போது அவர்கள் நன்றி சொல்லுவது சத்திரசிகிச்சை செய்தவருக்கு. எனக்கு அதில் குறையில்லை. கிணற்றடியில் அழுது முடித்துவிட்டேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே மழையில் நடந்த கதையை இங்கே நான் விரிக்கத் தேவையில்லை. இதை வாசிக்கும் பலர் நாவற்குழிப் பாலத்தில் நின்றவர்கள். எங்கள் அணியின் சென்ரர் அந்தப் பந்தைக் காற்று இறக்கி மடித்து, புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். தாயாருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்த இடத்துக்கு அரிசி வைத்திருப்பா. தென்மராட்சியில் மாலைநேரப் பாடசாலை நடந்தபோது, தென்னைமரம் ஒன்றில் கயிற்றைச் சுற்றி அதை வளையமாக நினைத்துக்கொண்டு எறிந்தோம். சர்வதேச ஒலிம்பிக் குழு வலைப்பந்தாட்டத்துக்கு அங்கீகாரம் வழங்கியதும் அதே 1995இல்தான் என்று பிற்பாடு அறிந்தேன். ஒலிம்பிக்கில் இன்றுவரை அதை ஆடவில்லை என்பது வேறு கதை.

1996இல் திரும்பி வந்தபோது கம்பங்களில் ஒன்று இல்லை, மற்றது வளைந்திருந்தது. மிதிவெடிப் பயத்தில் மாதக்கணக்காக ஒருவரும் திடலில் கால் வைக்கவில்லை. பிறகு ஒருநாள் ரீச்சர் தானே சுண்ணாம்பு வாளியோடு இறங்கிக் கோடு கீறினா. சிறுவயதில் என்னை எரிச்சலூட்டிய அந்தக் கோடுகளைக் கண்டு அன்று எல்லோரும் கைதட்டினோம்.

இனிச் சொல்வதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன். உயர்தர வகுப்பில், மாவட்டப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கையில், நான் அணியை விட்டேன். "டொக்டராக வேணுமெண்டு நீதானே சொன்னனீ? பந்து எறிஞ்சு டொக்டரானவை ஒருத்தரையும் நான் காணேல்லை" என்றா அம்மா. அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவவின் பயம் பொஸ்ரன் வைத்தியரின் பயத்தின் பேத்தி. கருப்பைக்குப் பதிலாக வெட்டுப்புள்ளி. முடிவு என்னுடையதுதான். பின்னேர ரியூசனுக்குப் போகத் தொடங்கினேன். ரீச்சரிடம் நேரே சொல்லத் துணிவில்லாமல் ஒரு துண்டு எழுதி அனுப்பினேன். எனது இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை விட்டார்கள். அணி இரண்டு கோலால் தோற்றது. கோல்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தால் வந்தவை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே விசாரித்து அறிந்தேன்.

முதல் தடவை எனக்கு மருத்துவபீடம் கிடைக்கவும் இல்லை. இரண்டாம் தடவைதான் கிடைத்தது. அந்த மூன்று கிழமைப் பின்னேரங்களில் ஓலைக் கொட்டிலில் இருந்து என்ன படித்தேன் என்று இன்று யாரும் கேட்டால் ஒரு வரியும் ஞாபகமில்லை. ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் எனக்கு எதிரே நின்றவரின் முகம் ஞாபகமிருக்கிறது. அணியில் இருந்தபடியே வைத்தியராகியிருக்கலாமோ என்று கேட்டால், தெரியாது. என்னோடு ஆடி, கடைசி ஆட்டம்வரை நின்று, பல்கலைக்கழகம் கிடைக்காமற் போனவர்களும் உண்டு. எங்கள் சென்ரர் அவர்களில் ஒருத்தி. ஆகவே விளையாட்டு வாழ்க்கையில் வெற்றி தரும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை என்னால் அப்படியே வழிமொழிய முடியவில்லை.

எங்கள் வயதுக்காரியான தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி இங்கே எழுதாமல் விட முடியாது. புன்னாலைக்கட்டுவன், ஈவினையிலிருந்து வந்தவர். ஆறடி பத்து அங்குல உயரம். ஊர்ச் சனம் வேடிக்கை பார்த்த அந்த உயரம், பெரும்பாலும் சிங்களச் சகோதரிகள் ஆடிய தேசிய அணியின் முதுகெலும்பானது. 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வட்டத்துக்குள் நின்றவர் அவர். 2018 இறுதியில் சிங்கப்பூரை 69க்கு 50 என்று வென்றார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டவரிலும் அதிக கோல் போட்டவரும் அவரே. அந்த ஆட்டங்களை நான் வைத்தியசாலை ஓய்வறையில் கைத்தொலைபேசியில் பார்த்தேன். எல்லோரும் தர்ஜினியின் கையைப் பார்க்க, என் கண் நடுத்திடலுக்குப் போகும். அந்த உயரத்துக்குப் பந்தை அளந்து போட ஒருத்தி வேண்டும். அவளுக்குப் பந்து வர, பின்னால் ஒருத்தி மறித்துப் பிடித்திருக்க வேண்டும்.

வைத்தியராக ஒரு குறிப்பு. மென்மையாக ஆடட்டும் என்று போட்ட "பந்தோடு ஓடக் கூடாது" என்ற விதிதான், வேகமாக வந்து பந்தைப் பிடித்தவரைச் சட்டென்று நிற்க வைக்கிறது. வலைப்பந்தாட்டக்காரரின் கணுக்காலும் முழங்காலும் அதிகம் அடிபடுவதற்கு அந்தத் திடீர் நிற்றல் ஒரு முக்கிய காரணம். பிள்ளைகளுக்குப் பயிற்றுவிப்போர் காலூன்றி இறங்கும் முறையை முதலில் பழக்க வேண்டும். சங்கம் இவ்வாண்டு திடலுக்குச் செலவிடும்போது இதற்கும் ஒரு பயிற்சியாளரைப் பிடிப்பது நல்லது என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

கடந்த ஆவணியில் சென்ரர் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். அங்கே முதியோர் இல்லமொன்றில் இருபது வருடமாக வேலை. இருவரும் கல்லூரிக்குப் போனோம். விடுமுறை, திடலில் ஒருவரும் இல்லை. இப்போது சீமெந்துத் தரை, வர்ணம் பூசிய கோடுகள், நேரான கம்பங்கள். கோடியில் ஒரு பந்து கிடந்தது. எடுத்துக் கொஞ்ச நேரம் மாறி மாறி எறிந்தோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. வேப்பமரத்தடியில் இருந்தபோது இருபத்தைந்து வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "நீ போன பிறகும் மூண்டு கிழமை உன்ர இடத்தைப் பாத்துத்தானடி பந்து போட்டனான். கை பழகிப் போச்சு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பிறகு பந்தை எடுத்துக்கொண்டு வளையத்தடிக்குப் போனேன். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே நின்று எறிந்ததில்லை. இரண்டு கையாலும் தூக்கி எறிந்தேன். பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டு வெளியே விழுந்தது. அவள் ஓடிப்போய்ப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏய் விங் டிபென்ஸ், வட்டத்துக்குள்ள உனக்கென்ன வேலை? வெளியில போ" என்றாள்.